அசெம்பிள் செய்த கணினி அடிக்கடி உறைந்து நின்றால்: குறையைத் தேடிப் பிடிக்கும் முறை

சொந்தமாகப் பாகங்களை வாங்கிப் பூட்டிய ஒரு டெஸ்க்டாப் கணினி அடியோடு இயங்காமல் போய்விட்டால், குறையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. எந்தப் பாகத்தை மாற்றியதும் உயிர் வருகிறதோ அதில்தான் கோளாறு. நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, எப்போதோ ஒருமுறை எந்த அறிகுறியும் காட்டாமல் உறைந்து நிற்கிற, அல்லது தானாகவே ரீஸ்டார்ட் ஆகிற கணினிதான் ஆளைச் சோதிக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே மணிக்கணக்கில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்த மறுநாள் மாலையே மீண்டும் நிற்கும். அசெம்பிள் செய்த கணினியில் ராம் ஒரு நிறுவனத்துடையது, மதர்போர்டு இன்னொன்றுடையது, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) வேறொன்றுடையது என்பதால் உத்தரவாதம் கேட்டுப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவதும் உண்டு. ஆகவே எந்தப் பாகம் என்பதை நாமே ஐயமறத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

இந்த வேலையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன், கணினி எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள், அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ராமையும் மாற்றி, பயாஸையும் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, விண்டோஸையும் புதிதாக நிறுவிய பிறகு கணினி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். இரண்டு வாரம் கழித்து அது மீண்டும் நிற்கும்போது, கையில் ஒரு தடயமும் இல்லாமல் தொடங்கிய இடத்திலேயே இருப்பீர்கள்.

தேடலைத் தொடங்கும் முன் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ராமில் பிழை இருக்கும் கணினி, எழுதும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து, விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் அமைப்புகளை மாற்றியதும் அந்த 48 இலக்க எண்ணைக் கணினி கேட்கக்கூடும்; அது இல்லாவிட்டால் வட்டில் உள்ள அனைத்தும் பூட்டியபடியே கிடக்கும்.

நின்ற விதத்தைப் படிப்பது

திரை உறைந்தவுடன் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முதலில் கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளத்தின் அடித்தளம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கமோ வட்டுப் பக்கமோ இருக்கும். விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி முழுமையாகச் செத்து நிற்கிறது; ராம், பிராசஸர், மின்சாரம், மதர்போர்டு ஆகியவற்றின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். அடுத்ததாக விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) மட்டும் மீண்டும் தொடங்கச் செய்யும் கட்டளை. ஒரு பீப் ஒலி கேட்டு, திரை ஒரு கணம் கருத்து, மீண்டும் படம் வந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிட்டது.

காதையும் பயன்படுத்துங்கள். திரை கருத்துப்போன பிறகும் பாட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையோ, அதன் மின்கம்பியையோ, மானிட்டர் கேபிளையோ சந்தேகிக்கலாம். ஒலி ஒரே துண்டில் சிக்கி இரைச்சலாகத் திரும்பத் திரும்ப ஒலித்தால் கணினி மொத்தமாக நின்றுவிட்டது. மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, கேபினெட்டில் வட்டு விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லாமல் இருக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, விசிறிகளும் நின்று, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றால் தன்னையே துண்டித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். விளையாட்டின்போது மட்டுமா, வீடியோ பார்க்கும்போதா, அல்லது யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதா? சுமை ஏறும்போது நிற்பது மின்சாரத்தையும் வெப்பத்தையும் காட்டும். சும்மா இருக்கும்போது நிற்பது பலருக்கும் விந்தையாகத் தோன்றும்; அதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு, பின்னர் வருகிறேன்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதிக்குச் செல்லுங்கள். கணினி நின்ற நேரத்தை ஒட்டி, கெர்னல்-பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுடன் ஒரு பதிவு கட்டாயம் இருக்கும். இதைப் பார்த்தவுடன் எஸ்எம்பிஎஸ் பழுது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம், அது தவறு. முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே 41 சொல்கிறது. ஏன் என்பதை அது சொல்வதில்லை. அந்தப் பதிவின் டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்தால் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 0 என்று இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் பிழைத்திரை) எதுவும் பதிவாகவில்லை; மின்சாரம் துண்டிக்கப்பட்டது, அல்லது பதிவு எழுதக்கூட அவகாசம் இல்லாமல் கணினி உறைந்தது. அதன் அருகிலேயே பவர்பட்டன் டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் 0 அல்லாத எண் இருந்தால், உறைந்த கணினியை நீங்கள் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்ததைத்தான் அது குறிக்கிறது.

பக்செக்கோடில் எண் இருந்தால் அது பதின்ம எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 292 என்பது வன்பொருள் தானே அறிவித்த, திருத்த முடியாத பிழை. 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போய், மீட்கவும் முடியாத நிலை. 26 என்றால் நினைவக மேலாண்மையில் கோளாறு, 257 என்றால் பிராசஸரின் ஒரு கோர் (அதனுள் இருக்கும் தனிச் செயலாக்கப் பிரிவு) உரிய நேரத்தில் பதில் தரவில்லை, 122 என்றால் வட்டிலிருந்து படிக்க வேண்டிய தரவு வந்து சேரவில்லை. ப்ளூ ஸ்கிரீன் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்றால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி பகுதியில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற குறியை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும், கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

அதே சிஸ்டம் பதிவில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரைத் தேடுங்கள். எண் 18 என்றால் பிராசஸர் தன்னுள் கண்ட மீள முடியாத பிழை. அதில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் அந்த ஒரு கோர் பலவீனமானது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 17 என்பது பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் திருத்தப்பட்ட பிழை. கிராஃபிக்ஸ் கார்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி, ரைசர் கேபிள் (கார்டை நீட்டி இணைக்கும் கம்பி) ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். 129, 153 ஆகிய எண்கள் வட்டுக்கு அனுப்பிய கோரிக்கை திரும்பாமல் மீண்டும் முயன்றதைக் குறிக்கும். டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் நின்று மீண்டது. கிராஃபிக்ஸ் சில்லு இயல்பாக 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீண்டும் தொடங்க வைக்கும். அந்த முயற்சியின் பதிவுதான் இது.

ப்ளூ ஸ்கிரீனின்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் கோப்புகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரை மாற்றிப் பார்ப்பது நியாயம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு பிழை என்று சிதறிக் கிடந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ராமைச் சோதியுங்கள். விண்டோஸின் மையக் கோப்பின் பெயர் வருவதாலேயே விண்டோஸ் பழுது என்று ஆகிவிடாது. பிழையைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது அது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவருதல்

என் கணிப்பில், அசெம்பிள் செய்த கணினிகளின் உறைவுகளில் பெரும்பங்கு இந்த ஒரு படியிலேயே வெளிப்பட்டுவிடும். பயாஸுக்குள் சென்று இயல்பு அமைப்புகளை ஏற்றுங்கள். இதனால் ராமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு அணைந்துவிடும்; அதுதான் நோக்கம். ராம் பெட்டியில் 3600 என்றோ 6000 என்றோ அச்சிட்டிருப்பதால் அந்த வேகம் இயல்பானது என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் உண்மையில் ஓவர்கிளாக் அமைப்புகள், அதாவது பாகத்தை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுபவை. ராம் குச்சி அந்த வேகத்தைத் தாங்கும் என்று விற்பவர் சொல்லலாம், ஆனால் பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகமும் மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. டிடிஆர்4 ராமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் அது பொதுவாக 1.35 வோல்ட் ஆகிவிடும். டிடிஆர்5 ராமை நான்கு குச்சிகளாகப் பூட்டினால் நிலைமை இன்னும் கடினம்: ரைசன் 7000 வரிசையில் இரண்டு குச்சிகளுக்கு 5200 வேகம் தரும் ஏஎம்டி, நான்கு குச்சிகளுக்கு 3600 மட்டுமே அதிகாரபூர்வமாகத் தருகிறது. நான்கு குச்சிகளைப் பூட்டி 6000 வேகத்தில் ஓடச் சொல்லிவிட்டு, வாரம் இருமுறை நிற்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

இதே படியில் பிராசஸரின் கர்வ் ஆப்டிமைசர் (ரைசனில் மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பு), மின்னழுத்தக் குறைப்பு, கிராஃபிக்ஸ் கார்டின் ஓவர்கிளாக், விசிறி வேகத்தை மாற்றும் செயலிகள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். வண்ண விளக்குகளைக் கட்டுப்படுத்தும் செயலிகளையும் தயங்காமல் நீக்கலாம். அவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே சென்சாரைப் படிக்கப் போட்டியிடுவது கணினி தடுமாறுவதற்கு அறியப்பட்ட காரணம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியையும் அணைத்து வையுங்கள். அது இயங்கும் வரை ஷட்டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த நாள் அப்படியே எழுப்பப்படுகிறது. பழைய கோளாறும் கூடவே எழும்.

இந்த இயல்பு நிலையில் கணினி நிற்கவே இல்லை என்றால் பாகம் எதுவும் பழுதில்லை, அமைப்புதான் அத்துமீறியது. நிற்பது தொடர்ந்தால் அடுத்தடுத்த சோதனைகளையும் இதே இயல்பு நிலையிலேயே செய்யுங்கள்.

ராம்

யூஎஸ்பி பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, இரவு முழுக்க ஓட விடுங்கள். குறைந்தது நான்கு சுற்றுகள் முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். கோடிக்கணக்கான எழுத்துகளில் ஒன்று தவறுவது பரவாயில்லை என்ற கணக்கு நினைவகத்தில் செல்லாது. விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் கருவி பல பிழைகளைக் காணாமல் விட்டுவிடும் என்பதால், அது நன்றாக இருக்கிறது என்று சொன்னதை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

பிழை வந்தால் எது காரணம் என்று பிரிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எல்லாக் குச்சிகளையும் கழற்றி, ஒன்றை மட்டும் பூட்டிச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் பயன்படுத்த வேண்டியவை. கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். குச்சியைப் பூட்டும்போது பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் சமமாக அழுத்தினால் 'கிளிக்' என்று கொக்கி தானே ஏறி மூடும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். மறுபக்கம் முழுமையாக இறங்காமலேயே கணினி இயங்கத் தொடங்கிவிடும், சில நாட்களில் தொல்லை ஆரம்பமாகும். குச்சியின் தங்கநிறத் தொடுமுனைகளை விரலால் தொட வேண்டாம்.

ஒவ்வொரு குச்சியும் தனித்தனியே எந்த ஸ்லாட்டிலும் தேறி, சேர்த்துப் பூட்டினால் மட்டும் தோற்றால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தனித்தனியாக வாங்கிய குச்சிகளைச் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் மதர்போர்டையோ பிராசஸரின் சாக்கெட்டையோ பார்க்க வேண்டும். இங்கே பலர் எண்ணிப் பார்க்காத ஒரு காரணம் உண்டு: பிராசஸரின் கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தால் சாக்கெட்டின் முனைகள் சீராகத் தொடாமல் ஒரு நினைவகச் சேனல் முழுவதுமே தடுமாறும். கூலரைக் கழற்றி, குறுக்கு மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்கிப் பூட்டியதும் சரியாகிவிடும் கணினிகள் உண்டு.

மெம்டெஸ்டில் தேறிய ராம் விளையாட்டின்போது தோற்பதும் நடக்கக்கூடியதே. சோதனையின்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. விளையாட்டின்போது அதன் வெப்பக் காற்று ராமின் மேல்தான் போய் மோதுகிறது. அதனால் விண்டோஸுக்குள் ப்ரைம்95 செயலியின் லார்ஜ் அல்லது ப்ளெண்ட் சோதனையையும், கூடவே கிராஃபிக்ஸ் சுமையையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மின்சாரம்

எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கும் முன் கம்பிகளைப் பாருங்கள். மதர்போர்டின் 24 பின் இணைப்பும், பிராசஸருக்கான 8 பின் இணைப்பும் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்புகள் தேவை என்றால், ஒரே கேபிளின் இரண்டு முனைகளைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களை இழுங்கள். ஒரு 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கும், கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. ஆனால் இன்றைய பெரிய கார்டுகள் சில மில்லிவினாடிகளுக்குத் தங்கள் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கின்றன. சராசரிக் கணக்கில் போதுமானதாகத் தெரியும் எஸ்எம்பிஎஸ் அந்தக் கணத்தில் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்தத் திடீர் இழுப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வகுக்கப்பட்டது. சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 70 சதவீதமாகக் குறைத்து அதே விளையாட்டை ஓட்டுங்கள், நிற்பது நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் அல்லது அதன் கேபிள்தான் முதல் சந்தேகம்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் சுமையில் 12 வோல்ட் பாதையை அளக்கலாம், 11.4 முதல் 12.6 வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. செயலிகள் காட்டும் மின்னழுத்த எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள், அவை அடிக்கடி பிழையாக இருக்கும். வேறொரு மாடலின் மாடுலர் கேபிளை எடுத்து இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் செருகுவதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம். ஒரே நிறுவனத்துடையதாக இருந்தாலும் பின்களின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் வட்டுகள் அந்த நொடியே கருகிவிடக்கூடும்.

சுவருக்கு அப்பால் இருப்பதையும் கவனியுங்கள். நம் ஊர் வீடுகளில் கணினி இன்வெர்ட்டர் இணைப்பில் ஓடுவது சாதாரணம். பல இன்வெர்ட்டர்களில் சாதாரண நிலை, யூபிஎஸ் நிலை என இரண்டைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் பின்புறம் இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்வரும் மின்சாரம் அறுந்தபின் முழுச்சுமையில் சுமார் 16, 17 மில்லிவினாடி மட்டுமே தாக்குப்பிடிக்க வடிவமைக்கப்பட்டது; சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டால் கணினி ரீஸ்டார்ட் ஆகும், மின்விசிறியிலோ விளக்கிலோ எதுவும் தெரியாது. குறைந்த மின்னழுத்தம் நிலவும் மாலை நேரத்தில் மட்டும் கணினி நிற்கிறது என்றால், வேறொரு அறையில், இன்வெர்ட்டர் அல்லாத இணைப்பில், எர்த்திங் சரியாக உள்ள பிளக்கில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது; ஏனோ பலரும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் இன்னொரு சிறு சோதனையும் உண்டு. கேபினெட்டின் ரீசெட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவிவிடுங்கள். அந்தப் பட்டன் உள்ளே சிக்கியோ, கம்பி நசுங்கியோ இருந்தால் யாரோ அழுத்தியதுபோலவே கணினி மீண்டும் தொடங்கும். போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்று போர்டின் அடிப்பக்கத்தைத் தொடுகிறதா என்பதையும் கழற்றும்போது பார்த்துவிடுங்கள்.

வெப்பம்

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இன்றைய பிராசஸர்கள் அதைத் தாங்களே கவனித்துக்கொள்கின்றன. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்லை பொதுவாக 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான மாடல்கள் முழுச்சுமையில் 95 டிகிரி வரை போக வடிவமைக்கப்பட்டவை. எல்லையை எட்டினால் முதலில் வேகம்தான் குறையும், உடனே உறைந்துவிடாது. எச்டபிள்யூஇன்ஃபோ செயலியில் பதிவை இயக்கி வைத்தால் நிற்பதற்கு முந்தைய நொடி வரை வெப்பநிலை கோப்பில் இருக்கும். சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலம் எடுக்கப்பட்டதா, நீர்க்கூலரின் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். தூசியை ப்ளோயரால் ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டும் வட்டும்

கிராஃபிக்ஸ் பக்கம் சந்தேகம் இருந்தால் டிரைவரை மேலாக நீக்காமல், சேஃப் மோடில் நுழைந்து டிடியூ என்ற செயலியால் முழுமையாகத் துடைத்துவிட்டு, சில மாதங்களுக்கு முந்தைய நிலையான பதிப்பை நிறுவுங்கள். மிகப் புதிய பதிப்பே எப்போதும் நல்லது என்று கொள்ள வேண்டியதில்லை. கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால், பயாஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை நான்காம் தலைமுறையிலிருந்து மூன்றாவதற்குக் குறைத்துப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைக்காகச் செய்த கேபிளில் நான்காம் தலைமுறை வேகத்தை ஓட்டுவதால் திரை கருப்பாவது மிகப் பரவலான தொல்லை. பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சில நாள் வேலை செய்வதே தீர்ப்பு சொல்லும் சோதனை.

வட்டுக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். ஹார்ட் டிஸ்கில் கெட்டுவரும் பகுதிகளைக் காட்டும் 05, சி5 ஆகிய வரிகளின் எண் ஏறிக்கொண்டே போனால் வட்டு சாகப்போகிறது, உடனே பிரதி எடுங்கள். சி7 வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் வட்டு நன்றாக இருக்கிறது, அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் பழுது. கேபிளை மாற்றும் செலவு மிகக் குறைவு. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு நிறுவனத்தின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸின் மின் அமைப்பில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை அணைத்துச் சோதியுங்கள்.

பிராசஸர்: இரு சிறப்பு நேர்வுகள்

பிராசஸர் பழுதாவது அரிது என்று நீண்ட காலம் சொல்லிவந்தோம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கேட்கும் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு) பிழையால் அவை நாளடைவில் தேய்ந்து நிலையற்றுப் போவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது; அந்த ஆண்டு ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி ஆகிய எண்களுடன் மைக்ரோகோட் திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன, 2025-இல் 12எஃப் சேர்ந்தது. இந்தத் திருத்தம் மேற்கொண்டு தேய்வதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்ட விளையாட்டு தொடங்கும்போது, கார்டில் நினைவகம் தாராளமாக இருக்க, வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்து நின்றால் கார்டை மாற்ற ஓடாதீர்கள். அது பிராசஸரின் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது என்பதால் பில்லைத் தேடி எடுங்கள்.

இரண்டாவது நேர்வு, சும்மா இருக்கும்போது உறைவது. பழைய ரைசன்களில் பிராசஸர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும்போது மின் இழுப்பு மிகக் குறைந்து, சில எஸ்எம்பிஎஸ்கள் தடுமாறும். பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றினால் தீரும். கர்வ் ஆப்டிமைசரில் மின்னழுத்தத்தை அதிகம் குறைத்தவர்களுக்கும் இதே தொல்லை வரும். முழுச்சுமையில் எல்லாக் கோர்களும் மிதமான வேகத்தில் ஓடுகின்றன. லேசான வேலையில்தான் ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, குறைத்த மின்னழுத்தம் அங்கேதான் போதாமல் போகிறது. அதனால்தான் ப்ரைம்95 இரவெல்லாம் தேறிய கணினி, இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது நிற்கிறது. கோர்சைக்ளர் என்ற கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கும்.

மென்பொருளா, வன்பொருளா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை என்றால் உபுண்டு போன்ற லினக்ஸை பென்டிரைவிலிருந்து தொடங்கி, வட்டைத் தொடாமல் சில மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அங்கும் உறைந்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவும் உழைப்பு மிச்சம். அங்கே உறையாததை மட்டும் வைத்து வன்பொருள் நலம் என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் சுமை வேறு, டிரைவர் வேறு.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்வது

மாற்றம் செய்த மறுநாள் கணினி நிற்கவில்லை என்பதாலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. நீங்கள் எழுதி வைத்த குறிப்பில் சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை நின்றிருந்தால், ஒன்பது நாள் அமைதியாக ஓடிய பிறகே அந்த மாற்றத்தை மருந்தென்று நம்பலாம். எந்த ஒழுங்கும் இல்லாமல் நிகழும் ஒரு கோளாறு, தன் சராசரி இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காலம் தற்செயலாகவே தலைகாட்டாமல் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். காத்திருப்பது சலிப்பானது, ஆனால் தவறான பாகத்துக்குப் பணம் கொடுப்பதை இதுவே தடுக்கிறது.

ராம், எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்டு, வட்டு ஆகிய நான்கும் மாற்றிப் பூட்டிச் சோதித்துத் தேறிவிட்டால் மிஞ்சுவது மதர்போர்டும் பிராசஸரும். வீட்டில் இவற்றைப் பிரித்தறிய, அதே சாக்கெட் உள்ள இன்னொரு கணினி தேவை. நண்பரிடம் இருந்தால் பிராசஸரை அங்கே பூட்டிப் பார்க்கலாம், இல்லையென்றால் பாகங்களை வாங்கிய கடையில் மாற்றுப் போர்டில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். போர்டைச் சந்தேகிக்கும் முன் பயாஸைக் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். ராமில் பிழை இருக்கும் நிலையில் புதுப்பித்தால் பயாஸே கெடலாம் என்பதால்தான் அதை இவ்வளவு தள்ளி வைத்தேன்.

உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது 'ஹேங் ஆகிறது' என்று மட்டும் எழுதினால் சேவை மையத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, குறை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெம்டெஸ்டின் சிவப்பு வரிகள் தெரியும் படம், ஈவென்ட் வியூவரின் பதிவு, எந்தக் குச்சி எந்த ஸ்லாட்டில் தோற்றது என்ற குறிப்பு, எத்தனை மணி நேரத்தில் கோளாறு வெளிப்படுகிறது என்ற தகவல் ஆகியவற்றை அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். போர்டை அனுப்புவதாக இருந்தால் சாக்கெட்டின் முனைகளை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, அதன் பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தி அனுப்புங்கள். முனை வளைந்திருந்தால் உத்தரவாதம் மறுக்கப்படும், வழியில் வளைந்ததா முன்பே வளைந்திருந்ததா என்பதற்கு அந்தப் படம்தான் சான்று. மாற்றுப் பாகம் வந்து சேர்ந்ததும் எக்ஸ்எம்பியைப் போடாமல் முதலில் இயல்பு வேகத்தில் ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அதில் தேறிய பின் வேகத்தை ஏற்றி, மீண்டும் ஓர் இரவு ஓட்டுங்கள்.